அடைப்புக்குறி

நோன்பு பத்தாம் நாள் வந்த ஆய்விதழில்
எங்கள் கரை வண்டைப்
பெட்டி மாற்றி வைத்துவிட்டார்கள்.

நூற்றுப் பதினோரு வருஷம் ஒரே பேரினம்,
இப்போது வேறு.
காரணங்கள் மூன்று பக்கம்:
முன்னங்கால் குழி பின்புறம் திறந்தே கிடக்கிறதாம்,
கொம்பின் மூன்றாம் கணு
நான்காவதைவிடக் குட்டையாம்,
ஆண் வண்டின் உள்ளுறுப்பு
கொக்கிபோல் வளையாமல்
துடுப்புபோல் அகன்றிருக்கிறதாம்.
உருப்பெருக்கியில் நானும் வைத்துப் பார்த்தேன்.
சரிதான்.
பதினெட்டு வருஷமாய்
பார்த்துக்கொண்டே இருந்து பார்க்காதது.

முதலில் பேர் வைத்தவர் வில்மாட் துரை,
தொண்டியில் சுங்கம் வசூலித்தவர்.
கொழும்புக்குப் போகிற ஆடுகளை
எண்ணி எழுதும் மேசையில்
அரிக்கேன் வெளிச்சத்துக்கு வந்து விழுந்தது
இடக்கொம்பு ஒடிந்த ஒற்றை வண்டு.
அந்த ஒன்றை வைத்தே
ஓர் இனத்தை எழுதி முடித்துவிட்டார்.
மணல் நிறத்தான் என்று லத்தீனில் பேர்.

உயிர் வேறு பேரினத்துக்குப் போனால்
முதலில் பேரிட்டவரை
அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.
படிக்கிற காலத்தில்
அதைத் தண்டனை என்று நினைத்திருந்தேன்.
இன்று எழுதிப் பார்த்தேன்.
பேருக்கு இரண்டு பக்கமும்
முதுகு வளைந்து பின்னால் போகும் கோடுகள்.
துரைக்கு
ஒருவழியாக
இரண்டு கொம்பும் கிடைத்துவிட்டன.

இன்னொன்று,
புதிய பேரினம் பெண்பால்.
ஆகவே அரினோசஸ்
இனிமேல் அரினோசா.

உச்சிப்புளிக்குக் கிழக்கே
கரிமூட்டம் போடுகிற வழிவிட்டானிடம் சொன்னேன்.
விறகு பிளக்கையில் கிடைக்கும் புழுவை
எனக்கென்று டப்பாவில் எடுத்துவைக்கிறவர்.
உடைமரக் கட்டையில் கோடாரியை அப்படியே விட்டுவிட்டு
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஆம்பள வண்டுக்குமா?"
ஆமாம்.
"அது ஒத்துக்கிருச்சா?"
பிறகு ஈரமண்ணை அள்ளி
மூட்டத்தில் புகை கசிந்த ஓட்டையை
அறைந்து மூடினார்.

அவர் கணக்கில்
கட்டைக்குள் இருப்பது குடைச்சான்,
விளக்குக்கு வருவது கிறீச்சான்.
இரண்டும் ஒன்றுதான் என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
"அதுக்குக் காலே இல்ல டீச்சர்,
இதுக்குக் கொம்பு ஒரு சாண்.
பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

கல்லூரிப் பெட்டியில் நாற்பத்திரண்டு வண்டுகள்.
நாற்பத்திரண்டு சீட்டு வெட்டினேன்,
விரல்நகத்தில் பாதி அளவு.
பழைய சீட்டைக் கழற்றக் கூடாது.
வண்டைக் குத்திய அதே ஊசியில்
அடியில் ஒன்று, அதற்கும் அடியில் ஒன்று
என்று கோத்துக்கொண்டே போக வேண்டும்.
பெரியபட்டினத்து வண்டின் ஊசியில்
என் கையெழுத்தில் ஒரு தப்புப் பேர்:
செ. நூருல் ஃபரிதா, 2009.
முந்தையவர் எழுதியதைத் திருத்தி
எழுதியது அது.
முந்தையவர் எழுதியதுதான் சரி.
கழற்றக் கூடாது.

கீழக்கரை வீட்டு மொட்டைமாடியில்
கொசுவலை கட்டிய உடைக்கட்டை ஒன்று.
மூன்று வருஷம் முந்தி
பட்டை இடுக்கில் முட்டை செருகிப் போன வண்டுக்கு
அன்றைக்குப் பழைய பேர்.
ராத்திரி கச்சான் சற்று ஓய்ந்தால்
உள்ளே அரைபடுகிற சத்தம் கேட்கிறது,
யாரோ பல்லிடுக்கில் மணலை மெல்வதுபோல.
காலையில் கட்டையடியில்
ஒரு சிட்டிகை மாவு.

ஆனியில் வெளியே வரலாம்.
கையில் எடுத்தால்
கழுத்தைத் தேய்த்துக் கிறீச்சென்று கத்தும்.
வழிவிட்டானை அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்,
வருகிறேன், ஆனால் நம்பமாட்டேன் என்றார்.

அதற்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தாயிற்று,
புதுப்பேர், துரையின் கொம்புகள், ஊர், மரம்.
தேதிக்கு மட்டும்
இடம் விட்டிருக்கிறேன்.